துரைப்பொட்டலில் இரண்டு கொடிகள்

கதிர்,

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். "அப்பா, நீங்க ஹிஸ்டரி புரொஃபசர். நம்ம ஊர் கோல்ஃப் கிரவுண்டப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, ரிசார்ட் வெப்சைட்ல போடணும். கொஞ்சம் பாசிட்டிவா எழுதுங்கப்பா" என்று சொல்லியிருந்தாய். கூடவே இரண்டு சின்ன வேண்டுகோள்கள். மீனாள் அத்தையிடம் இருக்கும் பழைய கோல்ஃப் பந்து வேண்டும், வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கு. திறப்பு விழா அன்று அத்தை வந்து முதல் குழியில் கொடியை நட வேண்டும். குவாரிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பெண் என்று மேடையில் அறிமுகம் செய்வீர்களாம், போட்டோ நன்றாக வருமாம். நீ அந்தத் திட்டத்தின் பொறியாளர், உன் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது என்று சொல்லும்போது உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குக் கேட்டது. அதைக் கெடுக்கத்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. எல்லோரும் படிக்கிற இடத்தில் போடத்தானே கேட்டாய், நானும் எல்லோரும் படிக்கிற மாதிரியே வெளியிடுகிறேன்.

மாதிரிக்கு நீ அனுப்பிய பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. தொப்பி வைத்த ஒரு மனிதர், ஒரு கையில் மட்டை, மறு கையில் குழியிலிருந்து பிடுங்கிய சிவப்புக் கொடி. கீழே 'இம்மைதானத்தைப் பேணி வளர்த்த முன்னோடி' என்று போட்டிருக்கிறீர்கள். அவர் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். எங்கள் குவாரி கம்பெனியின் மேனேஜர், அவ்வளவு போதும். அவர் செத்து வெகு காலம் ஆகிறது, இன்னும் என்ன கோபம் என்று உன் அம்மா கேட்கிறாள். செத்தவரை முன்னோடி என்று எழுதலாம், செத்தவர்மேல் கோபப்படக் கூடாதா? இது என்ன நியாயம்?

நீ கேட்ட வரலாறு இதுதான். திருமயத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால், இன்று நீலத் தண்ணீர் நிற்கும் பள்ளம் இருக்கிறதே, அங்கே ஒரு காலத்தில் மலை இருந்தது. ரயில் பாதைக்கும் துறைமுகத்துக்கும் கல் வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் கம்பெனி வைத்தார்கள். மலைக்குக் கிழக்கே பரந்த பொட்டல். மழை பெய்தால் புல் முளைக்கும், சுற்றியுள்ள ஊர்களின் ஆடு மாடுகள் அங்கேதான் மேயும். யாருக்கும் பட்டா இல்லாத நிலம், அதனால் எல்லோருக்கும் உரிய நிலம். யாருடைய நிலமும் இல்லை என்று வெள்ளைக்காரர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். ஒன்பது குழி தோண்டி, சுற்றிக் கல் நட்டு, தகரக் கொட்டகை ஒன்றும் போட்டு கோல்ஃப் ஆடினார்கள். ஊர்ச்சனம் அதற்குத் துரைப்பொட்டல் என்று பெயர் வைத்தது. அன்று முதல் அங்கே நுழைகிற ஆட்டைக் கம்பெனிப் பட்டியில் பிடித்து அடைப்பார்கள். ஆட்டை மீட்கப் போனவன் வெயிலில் நின்று கும்பிட்டுத்தான் மீட்டு வர வேண்டும். இதை உன் வெப்சைட்டில் எந்த மூலையில் போடுவாய் என்று தெரியவில்லை.

குழியைச் சுற்றிப் பச்சைப் புல் வளர்க்க இங்கே தண்ணீர் ஏது? அதனால் சலித்த மணலில் குவாரி இயந்திரங்களிலிருந்து வடித்த கழிவெண்ணெயைக் கலந்து, வட்டமாகப் பரப்பி, கட்டையால் இழுத்துச் சமன் செய்வார்கள். அதன்மேல்தான் பந்தை உருட்டுவது. அந்த மணலை வாராவாரம் கிளறிச் சமன் செய்தவர்கள் குடியிருப்புப் பெண்கள். என் அம்மாவின் உள்ளங்காலில் கழிவெண்ணெய்க் கறை கடைசி வரை போகவில்லை. வெள்ளைக்காரர்கள் போனார்கள், நம் ஆட்கள் நாற்காலிக்கு வந்தார்கள். ஆட்டுப்பட்டி போகவில்லை, எண்ணெய் மணல் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் போகவில்லை. மாறியது ஒன்றுதான். வெள்ளைக்காரர்கள் குழியில் வெள்ளைக் கொடி வைத்திருந்தார்கள். நம் மேனேஜருக்கு வெளிறிய பாறைக்கு முன்னால் வெள்ளைத் துணி கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்டோரிலிருந்து சிவப்புத் துணி எடுத்துவரச் சொன்னார். வெடி வைக்கும் இடத்தில் கட்டுகிற அதே துணி, அதே தையல்காரர், அதே அளவு.

குவாரியில் பிறந்தவனுக்குச் சிவப்புக் கொடி என்றால் என்ன என்று நீ அறிய மாட்டாய், உன்னை அறியவிடாமல் நான்தான் டவுனில் வளர்த்தேன். பாறையில் துளை போட்டு வெடிமருந்து கெட்டித்ததும் மேட்டில் கொடி ஏறும், ஊதல் ஊதுவார்கள். குடியிருப்பு முழுக்க ஆங்காங்கே நின்றுவிடும். உலையில் அரிசி போட்டவள் அப்படியே பாறை மறைவுக்குப் போவாள். வெடித்து முடிந்தால் கொடி இறங்கும். இறங்கினால் நடக்கலாம். எங்கள் குழந்தைகள் பேசுவதற்கு முன்னால் கற்றது இது. வாரநாளில் கொடி ஏறினால் வெடி, ஞாயிற்றுக்கிழமை ஏறினால் ஆட்டம். ஞாயிறன்று வெடி கிடையாது என்பதால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. கேலிதான் வந்தது. "ஏண்டி, அங்கிட்டுப் போகாத, தொரை வேட்டுப் போடுறாரு" என்று பெண்கள் சிரிப்பார்கள். "வேட்டா அது? தட்டிக்கிட்டே கெடக்காரு, குழிக்குள்ள ஒண்ணும் போகக் காணோம்" என்று இன்னொருத்தி சொல்வாள். என் அக்கா மீனாள்தான் அதிகம் சிரிப்பாள்.

அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. கம்பெனிப் பள்ளியில் கணக்கில் அவளை முந்த ஆள் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்கு அவசரமாகக் கல் போக வேண்டியிருந்ததால் விடுமுறையை ரத்து செய்து வேலை நடந்தது. அதே நாளில் மேனேஜருக்குச் சென்னையிலிருந்து விருந்தாளிகள். வேலையை நிறுத்தினால் கம்பெனிக்கு நஷ்டம், ஆட்டத்தை நிறுத்தினால் மேனேஜருக்குக் கௌரவக் குறைச்சல். இரண்டும் நடக்கட்டும் என்றார். விருந்தாளிகள் பந்தை உருட்டும்போது திடுக்கிடக் கூடாது என்று, "ஊதல் வேண்டாம், கொடி போதும்" என்றும் சொல்லியனுப்பினார். வெடிச்சத்தம் திடுக்கிட வைக்காது, ஊதல்தான் வைக்கும் போலிருக்கிறது.

குவாரியில் வேலையில் இருந்த எங்கள் அப்பாவுக்கு மீனாள் சோறு கொண்டு போனாள். குடியிருப்பிலிருந்து குவாரிக்குப் போகும் பாதை ஏழாம் குழியை ஒட்டித்தான் போகும். அங்கிருந்து பார்த்தால் வெடிக்காரரின் கொடி தெரியாது, கல் குவியல் மறைக்கும். ஏழாம் குழியின் கொடி மட்டும் தெரியும். சிவப்பைப் பார்த்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமைதான், ஆனால் இன்று வேலை உண்டு, ஆகவே அது வெடிக்கொடி என்று நினைத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பாறை மறைவில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்தாள். முதல் வரிசைத் துளைகள் வெடித்தன. கல் விழுந்து அடங்கியது. சிறிது நேரத்தில் அந்தக் கொடி இறங்கியது. இறங்கினால் நடக்கலாம். அவள் எழுந்து நடந்தாள். குவியலுக்கு அந்தப் பக்கம் வெடிக்காரரின் கொடி இறங்கவே இல்லை, இரண்டாவது வரிசை பாக்கி இருந்தது. இந்தப் பக்கம் மேனேஜரின் பந்து மணலுக்கு வந்து சேர்ந்திருந்தது. கோல்ஃபில் பந்தை உருட்டும்போது குழியிலிருந்து கொடியைப் பிடுங்குவது வழக்கமாமே. பை தூக்கிக்கொண்டு கூட வந்தவரிடம் எடுக்கச் சொல்லாமல் தன் கையாலேயே பிடுங்கினாராம், விருந்தாளி போட்டோ எடுத்தாராம். உன் வெப்சைட்டில் இருக்கிற படம் அந்தப் படமா, வேறு நாளில் எடுத்ததா என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது வரிசை வெடித்தபோது மீனாளின் ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. மேனேஜரின் ஜீப் பக்கத்தில்தான் நின்றது. சீட் உறை புதிது என்று டிரைவர் தயங்கினார். கல் சக்கையும் ஜல்லியும் ஏற்றுகிற லாரியில் போட்டுப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்திருந்தவர் என் அப்பா. லாரி பொட்டலைச் சுற்றி வளைந்தபோது, எட்டாம் குழியில் அவர்கள் அடுத்த பந்தை அடிக்க நின்றதைப் பார்த்தாராம். அப்பா இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் என்னிடம் இல்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். தகரக் கொட்டகையில் மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டார். நான் வாசலில் நின்றேன்.

"கொடி கட்டியிருந்துச்சா?"

"கட்டியிருந்துச்சுங்க."

"செவப்புக் கொடிதானே?"

"செவப்புதாங்க."

"செவப்புக் கொடின்னா போகக் கூடாதுன்னு ஒங்க பொண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நல்லாத் தெரியுங்க. படிக்கிற பிள்ளைங்க."

"அப்புறம் ஏன்யா போச்சு?"

அப்பா வாயைத் திறந்தார். மேனேஜர் அவரைப் பார்த்தார். அப்பா மூடிக்கொண்டார். எந்தக் கொடி என்று யாரும் கேட்கவில்லை. எச்சரிக்கையை மீறி நடந்ததால் ஏற்பட்ட விபத்து என்று முடிந்தது. தொழிற்சங்கத் தலைவர் வந்து அப்பாவின் தோளில் தட்டி, "பெருசு பண்ணாதீங்கண்ணே, வேலை முக்கியம்" என்றார். அந்தத் தோள்தட்டலையும் நான் மறக்கவில்லை. மறக்காதது என் குறை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். மறந்தவர்கள் கட்டியதுதான் இந்த வெப்சைட்.

இனி வரும் பகுதி உனக்கு. அடுத்த ஜூனில் கம்பெனி என்னைத் திருச்சியில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தது. "பொண்ணுக்கு ஆனது ஆச்சு. பையனை நாங்க படிக்க வைக்கிறோம்" என்று மேனேஜர் சொன்னார், அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். கால் போனது மீனாளுக்கு, படிப்பு எனக்கு. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி வீட்டில் கட்டைக்காலைக் கட்டிக்கொண்டு இட்லிக்கு மாவாட்டினாள். கடை வைத்தாள். 'கட்டைக்கால் கடை' என்றே ஊர் சொல்லும், அவளும் அப்படியே போர்டு எழுதி மாட்டினாள். நான் படித்த ஒவ்வொரு வகுப்பிலும் எனக்கு முன்னால் யாரோ உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். நான் படித்ததால் உன் அம்மா எனக்குக் கிடைத்தாள், நீ பொறியாளர் ஆனாய், சென்னையில் உனக்கு இந்த வேலை கிடைத்தது, இந்த ரிசார்ட்டும் கிடைத்தது. கொஞ்சம் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தால், அந்தக் கல்வெட்டில் உன் பெயர் எதன்மேல் நிற்கிறது என்று உனக்கே தெரியும். உன்னைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்று கற்றுக்கொள். ஆமாம் என்று மட்டுமே பதில் சொல்ல முடிகிற மாதிரி உன்னிடம் ஒருவன் கேள்வி கேட்டால், பதில் சொல்லாதே. அவன் கேட்காமல் விட்ட கேள்வியை நீ கேள். என் அப்பாவுக்கு அது முடியவில்லை, அவருக்கு வயிறு இருந்தது, நான் இருந்தேன். உனக்கு என்ன இருக்கிறது, முடியாமல் போக?

மைதானம் எப்படிக் காணாமல் போயிற்று என்றும் எழுதச் சொன்னாய். கம்பெனி நொடித்தது, புதிதாகக் குத்தகை எடுத்தவர் மலையைத் தின்று முடித்துவிட்டுப் பொட்டலைத் தோண்டினார். அடியில் மலையைவிட நல்ல பாறை. ஏழாம் குழிதான் முதலில் போனது. நான் அன்று லீவு போட்டுப் போய் நின்று பார்த்தேன். பிறகு ஒவ்வொரு குழியாகப் பள்ளத்துக்குள் விழுந்தது. கொட்டகையின் தகரம் குடியிருப்பில் பாதிக் குளியலறைகளுக்குக் கூரையாயிற்று. மீதி இடத்தில் சீமைக் கருவேலம். ஒரு வருத்தமும் இல்லை எனக்கு. பள்ளத்தில் ஊற்று நிறைந்து தண்ணீர் நீலமாக நிற்கிறது, அதை ஏரி என்று சொல்லி அறை கட்டி வாடகைக்கு விடுகிறீர்கள். சுற்று ஊருக்குக் குடிதண்ணீர் லாரியில் வருகிறது. நீங்கள் ஆழ்துளைக் கிணறு போட்டு, எங்கிருந்தோ புல்லைப் பாய்போலச் சுருட்டிக்கொண்டு வந்து விரிக்கிறீர்கள். வெள்ளைக்காரன்கூட இந்த ஊர்த் தண்ணீருக்குப் பயந்து மணலில் ஆடினான்.

அந்தப் பந்து. அது ஏதோ ஒரு ஞாயிறில் குடியிருப்புக்குள் விழுந்து, கூரையில் சிக்கிக் கிடந்து, பிறகு அத்தை கைக்கு வந்தது. முழு உடம்பையும் சுமக்கிற அந்த ஒற்றைக் காலின் பாதம் மாலையானால் வலிக்கும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பந்தைத் தரையில் போட்டு உள்ளங்காலால் உருட்டுவாள். நீ அவள் மடியில் வளர்ந்த பிள்ளை, நீயும் பார்த்திருக்கிறாய். உனக்கு அது அழகான பழைய பொருள். அவளுக்கு அது வலி மருந்து. அதைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு அவள் காலுக்கு என்ன தரப்போகிறாய்?

இவ்வளவும் எழுதி, அத்தை வரமாட்டாள், பந்தும் வராது, போய் வேறு ஆள் பார் என்று முடித்துவிட்டு, நேற்று அவளிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். கடை மூடும் நேரம். பந்தை உருட்டிக்கொண்டே முழுவதும் கேட்டாள். என் கோபத்துக்கு அவளிடமிருந்து ஒரு சொல்லாவது கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

"இம்புட்டையும் உள்ள வச்சுக்கிட்டு ஒனக்கு எப்புடிடா சோறு எறங்குது?" என்றாள்.

"ஒனக்குக் கோவமே இல்லையாக்கா?"

"ஏன் இல்ல? ஒனக்குக் காலேஜு சம்பளம் வருது, ஒக்காந்து கோவப்படுற. எனக்கு விடிஞ்சா மாவு ஊத்தணும்." பிறகு, "பந்து குடுக்க மாட்டேன்னு எழுது. அது சரி. எம் மருமகன் கேட்டா வேற பந்து வாங்கி அழுக்காக்கி வச்சுக்கட்டும், எவனுக்குத் தெரியப் போவுது" என்று சிரித்தாள். "அந்தப் படத்தக் காட்டு."

போனில் உன் வெப்சைட் பக்கத்தைக் காட்டினேன். மேனேஜரின் முகத்தில் நிற்கவே இல்லை அவள். விரலால் தள்ளிக் கீழே போனாள். நீங்கள் கட்டப்போகும் மைதானத்தின் படம் வந்தது. பச்சைப் புல், நீலத் தண்ணீர், குழிக்குக் குழி கொடி. கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"இங்கிட்டு, பள்ளத்துக்குத் தெக்கால, அந்தக் கரட்டுல இன்னும் வேட்டுப் போடுறானுகளா இல்லையா?"

"போடுறானுக. வேற குத்தகை."

"அந்த வடக்கத்திப் பொண்ணுக, புருசனுக்குச் சோறு கொண்டுக்கிட்டு எந்தப் பக்கமாப் போகுதுக? எங்கிட்ட வந்து இட்லி வாங்குதுகளே, அதுக."

எனக்கு அதுவரை தோன்றவில்லை, கதிர். இத்தனை வருடம் இந்தக் கதையைத் தூக்கிச் சுமந்த எனக்குத் தோன்றவில்லை. ஒடிசாவிலிருந்து வந்து அந்தக் கரட்டுக் குன்றின் அடியில் கொட்டகை போட்டிருக்கும் அந்தப் பெண்கள், தமிழ் தெரியாது, சிவப்புத் துணி தெரியும். உன் ரிசார்ட் வேலியை ஒட்டித்தான் நடக்கிறார்கள். உன் படத்தில் கொடிகள் எல்லாம் சிவப்பு.

"மருமகன்ட்ட சொல்லு, நான் வாரேன்" என்றாள் அத்தை. "போட்டோவுக்கும் நிக்கிறேன், நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு. கொடி என்ன நெறம்னு மொதல்ல கேட்டுச் சொல்லு. செவப்புன்னா வரமாட்டேன். வேற எந்த நெறம்னாலும் வாரேன்."

அதனால் முடிவை மாற்றி எழுதுகிறேன். என் கோபத்தை நீ என்ன வேண்டுமானாலும் செய், வெப்சைட்டில் போடு, போடாமல் விடு, மேனேஜர் படத்தை எடு, எடுக்காமலே இரு. எனக்கு அதில் உன்னோடு சண்டை பாக்கி இருக்கிறது, அது இருக்கட்டும். அத்தை கேட்டதற்கு மட்டும் உடனே பதில் சொல். அவள் கடையில் சேலையை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். இஸ்திரி போடக் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்கிறாள்.

அப்பா